தேதி போடுகிறவர் யார்? – புரோஜக்ட் மேனேஜ்மென்ட் என்றொரு வேலை

(விழுப்புரத்தில் கல்லூரி மாணவர்களுக்காக நடந்த கோடைப் பயிலரங்கில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சுநடை அங்கங்கே அப்படியே விடப்பட்டிருக்கிறது.)



காலையிலிருந்து இடஒதுக்கீடு, உயர்கல்வி, உதவித்தொகை என்று காரசாரமாகப் பேசிக்கொண்டிருந்தீர்கள். மதியச் சாப்பாடு முடிந்ததும் என்னை எழுப்பி நிறுத்தியிருக்கிறார்கள். கண் சொக்குகிற நேரம். தலைப்போ புரோஜக்ட் மேனேஜ்மென்ட். தமிழில் திட்ட மேலாண்மை என்கிறார்கள். எப்படிச் சொன்னாலும் கோட்டு சூட்டு போட்டவர்கள் ஏசி அறையில் செய்கிற ஏதோ ஒன்று என்றுதான் தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

சாப்பிடும்போது ஒரு தங்கை கேட்டது: "அண்ணே, புரோஜக்ட் மேனேஜர்னா இன்ஜினியருக்கு மேலயா, கீழயா?" நல்ல கேள்வி. நம்ம நாட்டில் எந்த வேலையைச் சொன்னாலும் முதலில் மேலேயா கீழேயா என்றுதான் கேட்கத் தோன்றுகிறது, இல்லையா? ஒரு கட்டடத்தை எப்படிக் கட்டுவது என்று இன்ஜினியர் சொல்வார். எப்போது தொடங்குவது, எது முடிந்தால் எது, யார் செய்வது, எவ்வளவு செலவில், தாமதமானால் என்ன வழி – இதையெல்லாம் எழுதிவைத்துக்கொண்டு, எழுதியபடி நடக்கிறதா என்று பார்க்கிறவர் புரோஜக்ட் மேனேஜர். பஸ் ஓட்டுவது தினசரி வேலை. பஸ் ஸ்டாண்டு கட்டுவது புரோஜக்ட். அதற்கு ஒரு தொடக்கம் உண்டு, ஒரு முடிவு உண்டு, ஒதுக்கிய பணம் இவ்வளவு என்று ஒரு எல்லை உண்டு. கட்டடம், பாலம், கம்ப்யூட்டர் மென்பொருள், தடுப்பூசி முகாம் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும்.

எங்க அம்மா சித்தாள். செங்கல்பட்டுப் பக்கம் கட்டட வேலைக்குப் போய்க்கொண்டிருந்தது. விடியற்காலையில் தூக்குவாளியோடு போய் நிற்கும். சில நாள் எட்டு மணிக்கே திரும்பி வந்துவிடும். "இன்னிக்கு ஆள் வேணாம்னுட்டாங்க" என்று சொல்லும். அவ்வளவுதான், அன்றைக்குக் கூலி கிடையாது. அந்த 'வேணாம்' எங்கே இருந்து வந்தது என்று அம்மாவுக்குத் தெரியாது. சொன்ன மேஸ்திரிக்கும் தெரியாது. ரொம்ப வருடம் கழித்து, நானே ஒரு சைட் ஆபீஸில் உட்கார்ந்து, வியாழக்கிழமை காங்கிரீட்டை எடுத்துச் சனிக்கிழமைக்குப் போட்டபோதுதான் எனக்குத் தெரிந்தது. கம்பி வரவில்லை, அதனால் ஒரு கட்டத்தை இரண்டு கட்டம் தள்ளினேன். கீபோர்டில் இரண்டு தட்டு. அந்த இரண்டு தட்டில் 22 பேருக்கு இரண்டு நாள் கூலி போனது. யாருக்கும் முதல் நாளே தகவல் சொல்லவேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

நான் சொல்ல வந்தது இதைப் பற்றித்தான். தேதி போடுகிற இடம் என்று ஒன்று இருக்கிறது. தேதியால் அடிபடுகிறவர்கள் யாரும் அங்கே உட்காருவதில்லை.

இது எங்கிருந்து வந்த வித்தை? ஹென்றி கேன்ட் என்ற அமெரிக்கர் 1910களில் தொழிற்சாலை வேலைகளைப் பட்டை பட்டையாக வரைந்து காட்டினார். இன்றைக்கும் அதற்கு 'கேன்ட் சார்ட்' என்றுதான் பெயர். அவருக்கு முன்பே, 1896இல், போலந்துக்காரர் கரோல் அடாமியெட்ஸ்கி இதே மாதிரி ஒன்று செய்திருந்தார். ஆங்கிலத்தில் எழுதாததால் உலகம் கண்டுகொள்ளவில்லை. (ஆங்கிலம் தெரியாதவன் கதி வெள்ளைக்காரனுக்கும் அதுதான்.) பிறகு 1957இல் டூபான்ட் ரசாயனக் கம்பெனியும் ரெமிங்டன் ரான்ட் கம்பெனியும் சேர்ந்து 'கிரிட்டிகல் பாத்' என்ற கணக்கைக் கொண்டுவந்தன. 1958இல் அமெரிக்கக் கடற்படை, பொலாரிஸ் ஏவுகணைக்காகப் 'பெர்ட்' என்ற முறையைக் கொண்டுவந்தது.

ஆக, முதலாளியும் இராணுவமும் பெற்ற பிள்ளை இது. "அப்படிப்பட்டதை நாம எதுக்குத் தொடணும்?" என்று பின்வரிசைத் தோழர் முணுமுணுப்பது கேட்கிறது. நியாயமான கேள்விதான். ஆனால் தோழர், மைக்கும் அச்சு இயந்திரமும் யார் பெற்ற பிள்ளை? கருவி எங்கிருந்து வந்தது என்று கேட்கவேண்டும். கேட்டுவிட்டுக் கையில் எடுக்கவும் வேண்டும்.

அண்ணல் அம்பேத்கர் 1942இலிருந்து 1946 வரை வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தார். வேலை நேரத்தைப் பற்றி நமக்குத் தெரிகிறது. அந்தத் துறைக்குள்தான் நீர்ப்பாசனமும் மின்சாரமும் இருந்தன என்பதை நம் மேடைகளிலேயே அதிகம் பேசுவதில்லை. 1943இல் தாமோதர் ஆற்றில் பெருவெள்ளம். வெள்ளத் தடுப்பு ஒருவர், மின்சாரம் ஒருவர், பாசனம் ஒருவர் என்று பிரித்துப் பார்க்காமல், ஒரு ஆற்றை முழுசாக ஒரே திட்டமாகப் பார்க்கவேண்டும் என்ற பேச்சு 1945 ஜனவரியில் கல்கத்தாவில் நடந்தபோது, அந்தக் கூட்டத்துக்குத் தலைமை வகித்தவர் அவர். மத்திய நீர்வழி, பாசன, கப்பல் போக்குவரத்து ஆணையம் அவர் காலத்தில் 1945இல் உருவானது. அதுதான் பின்னாளில் மத்திய நீர் ஆணையம். தாமோதர் பள்ளத்தாக்குக் கழகம் 1948இல் சட்டமானது. அந்த அணைகளால் நிலம் இழந்தவர்கள் கதையும் உண்டு, அதை மறைக்கவேண்டியதில்லை. திட்டம் போடுவது நமக்கு அந்நியமான வேலை இல்லை என்பதற்காகத்தான் இதைச் சொன்னேன்.

சரி, கிரிட்டிகல் பாத் என்றால் என்ன? இங்கே இருக்கிறவர்களுக்குக் கட்டடத்தை வைத்துச் சொல்லவேண்டியதில்லை. ஒரு மாநாடு நடத்துகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இடம் பார்த்து முடிவுசெய்ய 3 நாள். இடம் முடிவானால்தான் போலீஸ் அனுமதிக்கு மனு போடமுடியும். அது கைக்கு வர 15 நாள் என்று வைப்போம் (சிரிக்காதீர்கள், கணக்குக்காகச் சொல்கிறேன்). அனுமதி வந்தால்தான் நோட்டீஸ் அடிக்கலாம், 4 நாள். நோட்டீஸை ஊர் ஊராகக் கொண்டுபோய்ச் சேர்க்க 10 நாள். எந்த ஊரிலிருந்து எத்தனை பேர் என்று தெரிந்த பிறகுதான் வண்டி பேசமுடியும், 3 நாள். கூட்டுங்கள், 35 நாள். இந்தச் சங்கிலிக்கு வெளியே இரண்டு வேலை இருக்கிறது. பேச்சாளர்களிடம் ஒப்புதல் வாங்க 7 நாள், அதை முதல் நாளே தொடங்கிவிடலாம். பந்தல் போட 2 நாள், அனுமதி வந்த பிறகு எப்போது வேண்டுமானாலும் போடலாம்.

அந்த 35 நாள் சங்கிலிதான் கிரிட்டிகல் பாத். அதில் ஒரு நாள் தவறினால் மாநாடு ஒரு நாள் தள்ளும். ஆனால் பேச்சாளர் ஒப்புதல் 18ஆம் நாளுக்குள் வந்தால் போதும். அதற்கு 11 நாள் கையிருப்பு இருக்கிறது. பந்தலுக்கு 15 நாள் கையிருப்பு. இதை 'ஃப்ளோட்' என்பார்கள். இப்போது சொல்லுங்கள், அனுமதி நாலு நாள் தாமதமானால் யாரைப் போய்ப் பார்க்கவேண்டும்? நாம் என்ன செய்கிறோம்? பந்தல்காரரைப் பிடித்துக் கத்துகிறோம். பேச்சாளருக்குத் தினம் மூன்று போன் போடுகிறோம். அனுமதி மனு எந்த மேசையில் கிடக்கிறது என்று ஒருத்தர் போய்ப் பார்ப்பதில்லை. எல்லாரையும் ஒரே மாதிரி விரட்டுவதற்குப் பெயர் மேனேஜ்மென்ட் இல்லை, தோழர்களே. எங்கே விரட்டவேண்டும், எங்கே விரட்டவே கூடாது என்று கணக்குப் போட்டுத் தெரிந்துகொள்வதுதான் மேனேஜ்மென்ட். இந்தக் கணக்கு ஒரு மத்தியானத்தில் கற்றுக்கொள்ளக் கூடியது. இப்போது கற்றுக்கொண்டீர்கள்.

ஆனால் ஒரு விஷயம் பாக்கி இருக்கிறது. '15 நாள்', '4 நாள்' என்று சொன்னேனே, அந்த எண்களை யார் கொடுத்தது?

நான் சிவில் டிப்ளமோ முடித்து 2003இல் ஒரு கான்ட்ராக்டரிடம் சேர்ந்தேன். கம்ப்யூட்டர் தட்டத் தெரியும் என்பதால் பிளானிங்கில் உட்கார வைத்தார்கள். முதல் ஷெட்யூலை எழுதிக்கொண்டு பெருமையாக சைட்டுக்குப் போனேன். கம்பி கட்டுகிற மேஸ்திரி ஒருத்தர், அம்பது வயசுக்கு மேல் இருக்கும். தாளை வாங்கிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "தம்பி, பீமுக்கு ரெண்டு நாளுன்னு போட்டிருக்கியே, இது யாரு சொன்ன நாளு?" புத்தகத்தில் ஒரு ஆள் ஒரு நாளைக்கு இவ்வளவு கிலோ கட்டுவார் என்று இருந்தது என்றேன். "அந்தப் புத்தகக்காரருக்குப் பொங்கல் உண்டா?" என்றார். அடுத்த வாரம் பொங்கல். பாதிப் பேர் ஊருக்குப் போய்விடுவார்கள். போனவர்கள் காணும்பொங்கல் முடிந்தும் இரண்டு நாள் கழித்துத்தான் வருவார்கள். இது அங்கே இருந்த எல்லாருக்கும் தெரியும், என் தாளுக்கு மட்டும் தெரியாது. அன்றைக்கிலிருந்து எந்த வேலைக்கும் அதைச் செய்கிறவரிடம் கேட்காமல் நாள் போடுவதில்லை. இப்போது வடமாநிலத்துத் தொழிலாளர்கள் வருகிறார்கள். ஹோலியும் சத் பூஜையும் எப்போது என்று பார்க்காமல் ஷெட்யூல் போடுகிறவர் பிளானிங் தெரியாதவர், எத்தனை சர்டிபிகேட் வைத்திருந்தாலும்.

இது நமக்கு இருக்கிற பலம். கூலிவேலை செய்கிறவர்களிடம் எப்படிப் பேசுவது என்று தனியாக நாம் பயிற்சி எடுக்கவேண்டியதில்லை. அவர்கள் நம் வீட்டில் இருக்கிறார்கள்.

இனி சொல்லப்போவது பெருமைக்குரியது இல்லை. ஆனாலும் சொல்லவேண்டும்.

அதே சைட். ஏழு மீட்டர் நீளத்துக்கு ஒரு பீம் போட்டோம். பீமுக்கு அடியில் சவுக்குக் கட்டை முட்டுக் கொடுத்திருப்பார்கள், பார்த்திருப்பீர்கள். அதை எப்போது பிரிக்கலாம் என்று இந்தியத் தர நிர்ணயத்தில் இருக்கிறது – ஐ.எஸ். 456, 2000ஆம் ஆண்டுப் பதிப்பு. சாதாரண சிமென்ட் என்றால், ஆறு மீட்டருக்கு மேற்பட்ட பீமுக்கு 21 நாள். திறப்பு விழாவுக்குத் தேதி குறித்தாகிவிட்டது, பத்திரிகையும் அடித்தாகிவிட்டது. மேலே இருந்தவர் என்னைக் கூப்பிட்டு, "அதைப் பத்து நாளா மாத்து" என்றார். 21 என்று எனக்குத் தெரியும். பரிட்சையில் எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன். சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை, வீட்டுக்கு முதல் மாதச் சம்பளம், எங்க ஊரிலிருந்து ஆபீஸ் வேலைக்குப் போன முதல் ஆள். மாற்றினேன்.

பதினோராம் நாள் காலையில் முட்டுப் பிரித்தார்கள். பீம் கொஞ்சம் இறங்கியது. இடையில் நின்ற கட்டைகள் உருவிக்கொண்டு விழுந்தன. ஒடிசாவிலிருந்து வந்த ஒரு பையன், என்னைவிட இரண்டு வயது சின்னவன் இருப்பான், கால் முறிந்தது. உயிர் போகவில்லை. விசாரணை என்று ஒன்று நடந்தது. 'தொழிலாளியின் கவனக்குறைவு' என்று எழுதினார்கள். அந்தக் கோப்போடு என் ஷெட்யூலையும் இணைத்திருந்தார்கள். கீழே 'தயாரித்தவர்' என்ற இடத்தில் என் பெயர். பத்து நாள் என்று சொன்னவர் பெயர் எங்கேயும் இல்லை. அவர் வாயால் சொன்னார், நான் கையால் எழுதினேன். அந்தப் பையன் ஊருக்குப் போய்விட்டான். பிறகு என்ன ஆனான் என்று நான் விசாரிக்கவில்லை.

எட்டு வருடம் கழித்து இன்னொரு கம்பெனியில் இதே நிலைமை திரும்பி வந்தது. இந்த முறை நான் சண்டை போடவில்லை. இரண்டு வரி மெயில் எழுதினேன்: தர நிர்ணயப்படி 21 நாள், கியூப் டெஸ்ட் முடிவு இன்னும் வரவில்லை, குறைக்கவேண்டும் என்றால் எழுத்தில் உத்தரவு கொடுங்கள், கையெழுத்தோடு இணைத்துக்கொள்கிறேன். யாரும் எழுதவில்லை. தேதி 11 நாள் தள்ளிப்போனது. அந்த மேலாளர் கொஞ்ச நாள் என்னோடு பேசவில்லை, அந்த வருடம் இன்கிரிமென்டும் பெரிதாக இல்லை. பரவாயில்லை.

இதே கண்ணோடு ஒரு சாக்கடைத் திட்டத்தின் ஷெட்யூலைப் பாருங்கள். 'பழைய குழாயோடு இணைப்பு – லேபர் 4 – 2 நாள்' என்று ஒரு வரி இருக்கும். இயந்திரம் எங்கே என்று பாருங்கள், இருக்காது. அந்த நாலு பேர் யார் என்று இந்த அறையில் யாரும் கேட்கவேண்டியதில்லை. பாதுகாப்பு இல்லாமல் சாக்கடைக்குள் ஆளை இறக்குவது 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். முதல் தடவைக்கே இரண்டு ஆண்டுவரை சிறை, அல்லது இரண்டு லட்சம் ரூபாய்வரை அபராதம், அல்லது இரண்டும். ஆள் இறங்கிச் செத்தபிறகு நாம் மறியல் செய்கிறோம். செய்யத்தான் வேண்டும். ஆனால் அந்தச் சாவு மூன்று மாதத்துக்கு முன்பே ஒரு தாளில் ஒரு வரியாக எழுதப்பட்டுவிட்டது. அந்த வரியை எழுதும்போது "மிஷின் எங்க சார்?" என்று கேட்கிற ஒரு ஆள் அந்த அறையில் இருந்தானா?

வேலைக்கு வருவோம், நேரமாகிறது.

எடுத்த எடுப்பில் யாரையும் புரோஜக்ட் மேனேஜராகப் போடமாட்டார்கள். கட்டுமானத்தில் பிளானிங் இன்ஜினியர், சைட் இன்ஜினியர் என்று தொடங்கலாம். பிரைமவெரா, மைக்ரோசாஃப்ட் புரோஜக்ட் என்று இரண்டு மென்பொருள் புழக்கத்தில் இருக்கின்றன. அவற்றுக்குக் காசு கொடுக்கவேண்டும். கற்றுக்கொள்ளப் புரோஜக்ட்லிப்ரே, கேன்ட்புரோஜக்ட் இரண்டும் இலவசமாகக் கிடைக்கின்றன. தத்துவம் ஒன்றுதான். மேலே படிக்க விரும்பினால் கிண்டி பொறியியல் கல்லூரியில் கட்டுமானப் பொறியியல் மேலாண்மையில் எம்.ஈ. இருக்கிறது.

சாஃப்ட்வேர் பக்கம் போகிறவர்களுக்கு வேறு பாஷை. 2001இல் அமெரிக்காவில் யூட்டா மாநிலத்தில் 17 பேர் கூடி 'அஜைல்' என்று ஒரு அறிக்கை போட்டார்கள். மொத்தத் திட்டத்தையும் முன்கூட்டியே எழுதி மாட்டிக்கொள்ளாமல், இரண்டு வாரம் போலச் சின்னத் துண்டுகளாக வேலை செய்து, காட்டி, திருத்திப் போவது. அங்கே 'ஸ்க்ரம் மாஸ்டர்' என்று ஒரு வேலை இருக்கிறது. பெயரில்தான் மாஸ்டர், அதிகாரம் ஒன்றும் இல்லை. வேலைக்கு நடுவே விழுகிற முட்டுக்கட்டையை அகற்றிக்கொண்டே இருக்கவேண்டும்.

கலை, அறிவியல் படித்தவர்கள் ஓரமாக உட்கார்ந்திருக்கிறீர்கள். உங்களுக்கும் இடம் இருக்கிறது. அரசுத் திட்டங்களில், உலக வங்கிக் கடன் திட்டங்களில் திட்ட மேலாண்மை அலகு என்று ஒன்று வைப்பார்கள். 2005இல் தொடங்கிய புதுவாழ்வுத் திட்டத்திலும் அப்படி இருந்தது. மருத்துவமனைகள், தொண்டு நிறுவனங்கள் எல்லாவற்றிலும் ஒருங்கிணைப்பாளர் என்ற பெயரில் இதே வேலைதான்.

சர்டிபிகேட் பற்றி ஒரு எச்சரிக்கை. 1969இல் தொடங்கிய பி.எம்.ஐ. என்ற அமெரிக்க அமைப்பு 1984இலிருந்து பி.எம்.பி. என்ற தேர்வை நடத்துகிறது. மதிப்பு உண்டு. ஆனால் பட்டதாரிக்கு மூன்று ஆண்டு, பட்டம் இல்லாதவருக்கு ஐந்து ஆண்டு, திட்டங்களை நடத்திய அனுபவம் கேட்பார்கள். கல்லூரி முடித்தவுடனே "பி.எம்.பி. வாங்கித் தர்றோம், ஒரு லட்சம் கட்டுங்க" என்று ஒருத்தர் வந்தால் அம்மாவின் தோட்டை அடகு வைக்காதீர்கள். அனுபவம் கேட்காத சி.ஏ.பி.எம். என்று ஒன்று இருக்கிறது. அதற்கும் அவசரம் இல்லை. முதலில் ஒரு வேலையில் உட்காருங்கள், பணம் பிறகு கட்டலாம்.

ஆங்கிலம்தான் பயம் என்று பலர் சொன்னீர்கள். புரோஜக்ட் மேனேஜரின் வாராந்தர ரிப்போர்ட்டில் நாலு விஷயம்தான் இருக்கும். என்ன முடிந்தது, என்ன முடியவில்லை, ஏன், இனி யார் எப்போது என்ன செய்யவேண்டும். ஒரு பக்கம். அந்த ஒரு பக்க ஆங்கிலம் ஆறு மாதத்தில் வரும். எனக்கு வந்தது. வாயில் சரளமாக வராவிட்டாலும் கையில் வரும். கையில் வருவதுதான் கோப்பில் நிற்கும்.

இன்னொன்று. மீட்டிங் நடந்தால் மினிட்ஸ் எழுத யாரும் முன்வரமாட்டார்கள், குமாஸ்தா வேலை என்று நினைப்பார்கள். நீங்கள் போய் எழுதுங்கள். யார் என்ன சொன்னார், என்ன தேதி ஒப்புக்கொண்டார் என்று எழுதி அன்றைக்கு மாலையே எல்லாருக்கும் அனுப்புங்கள். மூன்று மாதத்தில் அந்த அறையில் சத்தமாகப் பேசுகிறவர்கள் எல்லாரும் உங்கள் தாளைப் பார்த்துத்தான் பேசுவார்கள். "தம்பி எந்த ஊரு? ஊர்ல எந்தப் பக்கம்?" என்று தூண்டில் போடுகிறவர்களும் அதே தாளில்தான் தங்கள் தேதியைத் தேடவேண்டியிருக்கும்.

திட்டம் தள்ளிப்போவது நம் ஊர் வியாதி என்று நினைக்கவேண்டாம். ஆஸ்திரேலியாவில் சிட்னி ஆபரா ஹவுஸை 70 லட்சம் டாலரில் 1963இல் முடிப்போம் என்றார்கள். 10 கோடியே 20 லட்சம் டாலர் செலவாகி 1973இல் திறந்தார்கள். கூரையை எப்படிக் கட்டுவது என்று கணக்கு முடியும் முன்பே, அரசியல் அவசரத்தில் 1959இல் அஸ்திவாரத்தைத் தொடங்கியதால் வந்த வினை. அங்கேயும் "இந்தத் தேதி நடக்காது" என்று சொல்லியிருப்பவர்களைப் பேச விட்டிருந்தால் கணக்கு வேறாக இருந்திருக்கும்.

கேள்விகள் இருந்தால் தேநீர் நேரத்தில் கேளுங்கள். அமைப்பாளர் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. அடுத்த மாநாட்டுக்கு அந்த 35 நாள் கணக்கைத் தாளில் எழுதிப் பாருங்கள், இந்தத் தம்பி தங்கைகளையே எழுதச் சொல்லுங்கள். போன மாநாட்டுப் பந்தல்காரருக்கு இன்னும் பாக்கி இருக்கிறது என்று கேள்விப்பட்டேன். அதை முதல் வரியில் போடுங்கள், தேதியோடு.